வராதவர் விதி

செத்துப்போன ஒரு மனிதரைப் பத்து மாதமாகச் சுரங்கத்துக்குள் நடத்திக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவர். அவரைச் சாகவிடாமல் வைத்திருந்தது நான் எழுதிய ஒரு விதி.

ஞாயிறு மதியங்களில் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடி விளையாடுவோம். காகிதம், பென்சில், இருபது முகப் பகடை, அவ்வளவுதான். நான் கதை நடத்துகிறவன். எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வேன். மற்றவர்கள் தங்களுக்கென்று ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும்; நான் சொல்லும் எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும். இதெல்லாம் வளர்ந்தவர்கள் செய்கிற வேலையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கண்ணைப் பரிசோதித்து அனுப்பிவிடுவேன்.

மூன்று பேர் வருவார்கள். மருந்துக்கடை அக்கா, விதிகளை மாத்திரைப் பெயர் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பவர். ஸ்பானர் என்று நாங்கள் கூப்பிடும் பஸ் மெக்கானிக், அவனுக்கு எந்தக் கதவையும் தட்டிப் பழக்கமில்லை, உடைத்துத்தான் பழக்கம். மூன்றாவதாக மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், எலக்ட்ரீஷியன். அவருடைய ஆள் விளக்குக்காரன், இருட்டில் மற்றவர்களுக்கு வெளிச்சம் காட்டுகிறவன். “வேலையிலயும் லைட்டு, விளையாட்டுலயும் லைட்டா?” என்று ஸ்பானர் ஓட்டுவான்.

யாராவது வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி எழுதியிருந்தேன். வராதவரின் ஆள் கூட்டத்தோடு வரும், பேசாது, சாகாது. அவரவர் ஆளுக்கு அவரவர்தான் முடிவெடுக்கலாம், பிறர் தலையிடக் கூடாது. மாப்பிள்ளை இறந்த பிறகு நாங்கள் கூடிய முதல் ஞாயிறு அக்கா அதைத்தான் எடுத்துச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. “விளக்குக்காரன் பின்னால வர்றான்” என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். அப்புறம் வாராவாரம் சொன்னேன். ஒரு நாள் ஸ்பானர் பென்சிலைக் கீழே வைத்தான்.

“விளக்கை ஏத்துறேன்னு அவரு சொல்லவே இல்லையே. அப்புறம் எப்படி சுரங்கத்துல நமக்குக் கண்ணு தெரியுது?”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஒரு காலி நாற்காலிதான் இருந்தது. அன்றிலிருந்து கடையைப் பூட்டும்போதுகூட அந்த அறைக்கு நான் முதுகைக் காட்டுவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் “எல்லாம் விதி” என்றார்கள். விதியை எழுதியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வந்த கடைசி ஞாயிறு நடந்தது இது. கதையில் மூன்று பேரும் சுரங்கத்துக்குள் நுழைந்ததுமே மாப்பிள்ளை, “நான் திரும்பி வீட்டுக்குப் போறேன்” என்றார். அந்தச் சுரங்கத்தை நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாசலில் ஒரு பாறையை விழவைத்தேன். “நகத்திப் பாக்குறேன்” என்று பகடையை உருட்டினார். பதினெட்டு. பத்தொன்பது வேண்டும் என்றேன். எவ்வளவு வேண்டும் என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; அதுவும் என் விதிதான். எனக்கோ பதினெட்டைப் பார்த்த பிறகுதான் பத்தொன்பது தோன்றியது.

“என்ன செய்யுறேன்னு கேக்குறீங்க, செய்ய விட மாட்டேங்குறீங்களே மச்சான்,” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பின்படிக்கட்டில் போய் நின்றுவிட்டு வந்து, மேலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாகம் எடுத்தால் “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி” என்கிற மனிதர் அவர். நெஞ்சை அடைக்கிறது, கிளம்பட்டுமா என்று மச்சான் முகத்தைப் பார்த்துக் கேட்பாரா? விளக்குக்காரன் வாயால் கேட்டார். அது எனக்குப் புரிந்தபோது, ஆட்டம் முடிந்து கிளம்பியவர் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை.

இதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போவேன், டீ குடிப்பேன், வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். சொன்னால் அவளும் இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தேன்.

போன ஞாயிறு அவளே கடைக்கு வந்தாள். காலி நாற்காலியில் உட்கார்ந்து, நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்து மேசையில் வைத்தாள். விளக்குக்காரனைப் பற்றி மாப்பிள்ளை எழுதி வைத்திருந்த தாள்.

“இவருக்குப் பதிலா இனிமே நான் பேசலாமாண்ணா?”

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா, “தாளை எழுதினவரே தன் கையால குடுத்திருக்கணும்மா. விதி அப்படி,” என்றார்.

“சட்டைப் பையில இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில என் கையிலதான் குடுத்தாங்க. அது போதாதாக்கா?”

போதும் என்று நான் தலையாட்டினேன். சுரங்கம் எப்படி இருக்கிறது என்று நாலு வரி சொல்லிவிட்டு, விளக்குக்காரன் என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

“நான் திரும்பி வீட்டுக்குப் போறேன்.”

வார்த்தை மாறாமல் அதே. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அன்னைக்கும் இதையேதான் சொன்னாரும்மா. நான் விடல. பகடை நல்லா விழுந்துச்சு, அப்பவும் விடல. பொய்யா ஒரு எண்ணைச் சொல்லி உக்கார வெச்சேன்.”

“தெரியும்.” அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “படிக்கட்டுல நின்னு எனக்குப் போன் பண்ணாரு. ஒரு மாதிரியா இருக்கு, உங்க அண்ணன் விட மாட்டேங்குறார்னாரு. நான்தான், பாதியில எழுந்து வந்தா அண்ணன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், முடிச்சிட்டே வாங்கன்னு சொன்னேன்.”

அவளும் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கதை நடத்துகிறவன் நடுவில் நிறுத்தக் கூடாது.

“பாறை இல்ல,” என்றேன். “வழி திறந்திருக்கு. பகடை வேணாம்.”

“விளக்கு போயிட்டா நமக்கு இருட்டாயிடுமே,” என்றார் அக்கா மெதுவாக.

“ஆகட்டும்க்கா,” என்றான் ஸ்பானர்.

விளக்குக்காரனை வெளியே கொண்டுவந்தேன். கதையில் அதற்கப்புறம் தெருவே கிடையாது. தங்கை வீட்டுக்குப் போகிற, எனக்குத் தெரிந்த தெருவைத்தான் சொன்னேன். இஸ்திரிக் கடை, பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடக் கேட், கைப்பிடி ஆடுகிற மாடிப்படி, மூன்றாம் மாடியில் பச்சைக் கதவு. பஸ் நிறுத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

“கதவைத் தட்டுறேன்,” என்றாள். “யாரு திறக்குறா?”

கதையில் வருகிற மற்ற எல்லோருக்காகவும், வழிப்போக்கன் முதல் அரசன் வரை, நான்தான் பேச வேண்டும். அதுதான் ஆட்டத்தின் முறை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்காக நான் எப்படிப் பேசுவது? அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க மனைவி திறக்குறா.”

“என்ன சொல்றா?”

தங்கை பேசுவது மாதிரியே சொன்னேன். “என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க?”

“ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் கிளம்பிட்டேன்.”

“அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?”

தங்கை முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லல,” என்றாள். “மச்சான்தான் வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சாரு.”