எட்டு விநாடி

அன்றைக்கு அது நான்காவது இறக்கம். துணை விமானி விடிவதற்கு முன்பே எழுந்தவள். கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. பக்கத்து இருக்கையில் கேப்டன் வந்த கொட்டாவியைப் பல்லைக் கடித்து அடக்கினார். பின்னால் நூற்றைம்பது பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்த மாதம் கேப்டன் பதவிக்கான பட்டியல் வருகிறது. ஒன்பது வருடமாக அவள் காத்திருக்கும் பட்டியல், இரண்டு முறை கைக்கு எட்டி நழுவிய பட்டியல். இந்த மாதம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் கழிந்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

பிற்பகல் மூன்று மணி, பளிச்சென்ற வானம். அந்த விமான நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஓடுபாதைகள். வலது பக்கத்தது அகலம், எல்லாரும் அதில்தான் இறங்குவார்கள். இடது பக்கத்தது ஒல்லி. வழிகாட்டும் கருவிகூட அதற்குக் கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். இந்த வாரம் வலதில் தார் போடுகிறார்கள். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அது மூடல். காலையில் இதே இருவரும் வலதில்தான் இறக்கியிருந்தார்கள்.

"இடது ஓடுபாதை, இறங்கலாம்" என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம். "இடது ஓடுபாதை, இறங்குகிறோம்" என்று இவள் திருப்பிச் சொன்னாள். கேப்டனும் "இடது" என்று தலையாட்டினார். மூன்று பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். வாய்க்கென்ன, சொல்லிவிடும். பல வருடமாக வலதுக்கே போய்ப் பழகிய கை அதன் பாட்டுக்கு வலதுக்குப் போனது.

விமானத்தை ஓட்டியது கேப்டன். அவர் தப்பு செய்தால் வாயைத் திறந்து சொல்வதுதான் இவள் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஐந்நூறு அடி உயரத்தில் ஓடுபாதையின் நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அது ரோடு ரோலர் என்று தெரிந்தது. அவள் திரும்பிக் கேப்டனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இருபத்தாறு வருட அனுபவம். கடைசியில் இடது பக்கம் திருப்பிக்கொள்வார்போல என்று நினைத்தாள். காலையில் வேறு ஒரு சின்ன விஷயத்துக்கு வாய் திறந்து, "எனக்குக் கண்ணு தெரியும்மா" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு விநாடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க எட்டு விநாடி எவ்வளவு நீளம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நானூறு அடியில் கேப்டனே, "மேல போறோம்" என்று முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கினார். கோபுரம் கத்தியது அதற்குப் பிறகுதான். கீழே இரண்டு ஆட்கள் ரோலரிலிருந்து குதித்துப் புல்வெளிக்கு ஓடுவதை அவள் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து இடதில் இறங்கினார்கள். பயணிகள் வரிசையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள், "பூ மாதிரி இறக்கினீங்க" என்று வேறு சொன்னார். அவளுக்கு எங்காவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது.

விமானிகள் அறையில் கேப்டன் ஒரே மூச்சில் அறிக்கையை எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினார். அதில் ஒரு கேள்வி: தவறை முதலில் கவனித்தவர் யார்? எப்படித் தெரிவித்தார்? கேப்டன் எழுதியிருந்தார்: 'துணை விமானி கவனித்து உரக்க எச்சரித்தார். உடனே மேலே எழுப்பினேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கால் வலித்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

"நான் எதுவும் சொல்லலையே சார்."

"நான் தப்பு பண்ணேன், நீ பிடிச்சே. அப்படி இருந்தா எனக்கு ஒரு வாரம் பயிற்சியோட போயிடும். உனக்குப் பாராட்டு வரும், பட்டியல்ல பேரும் வரும். கையெழுத்துப் போடும்மா."

"விமானத்துல இருக்கிற குரல் பதிவைக் கேட்டா?"

"அதுல கடைசி ரெண்டு மணி நேரப் பேச்சுதான் நிக்கும். விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்பிடுச்சு. அது பாட்டுக்கு அழிஞ்சிடும்."

பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்து, ஒன்பது வருடம் முடிந்துவிடும். போட்டுவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை ஒளிப்பானேன். ஆனாலும் கேட்டாள்.

"நீங்க எப்ப பார்த்தீங்க சார்?"

கேப்டன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பிசைந்தார். "ஐந்நூறுலயே ஏதோ உறுத்துச்சு. மஞ்சளா என்னமோன்னு. உன்னைப் பார்த்தேன். நீ பேசாம இருந்தே. நீ சின்னதுக்குக்கூட சொல்ற ஆளாச்சே, சொல்லலைன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

அவர் இவளை நம்பி இறங்கியிருக்கிறார், இவள் அவரை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இரண்டு ஆட்களின் தலைமேல் போயிருக்கிறார்கள். இந்தத் தாள் மற்ற விமானிகளுக்கும் பாடமாகப் போகும். அதைப் படிக்கும் அடுத்த ஜோடி, பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் சொல்லிவிடுவார் என்று இன்னும் நிம்மதியாக நம்பும்.

அவர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்: 'இருவரும் பார்த்தோம். எட்டு விநாடி இருவரும் பேசவில்லை.' கையெழுத்துப் போட்டாள்.

கேப்டன் அதைப் படித்தார். "ரெண்டு பேரையும் விமானம் ஓட்ட விடாம உட்கார வச்சிடுவாங்கம்மா."

"ஆமா சார்."

அவர் பேனாவை வாங்கினார். அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

வெளியே ஊழியர் பேருந்துக்காக நிற்கும்போது கணவனுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள், பட்டியலில் பெயர் வராது என்பதையும் சொன்னாள்.

"நீயா பேசாம இருந்தே?" என்றான். அவனால் நம்ப முடியவில்லை. "நான் கார் ஓட்டுனா ஒரு தெரு தாண்டறதுக்குள்ள பத்து தடவை சொல்வியே."

"உங்களுக்கு வழி தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அவருக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."