மெட்டு திரும்பும் வரை

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர். ஜாஸ் என்றால் மட்டும் அவர் வாய் தானாகப் பிளந்துகொள்ளும். ஜாஸ் ரசிகர்களுக்கென்றே ஒரு கப்பல் கிளம்புகிறது, தளத்துக்குத் தளம் கச்சேரி என்று கேள்விப்பட்டதும் சின்னக் குழந்தையாகிவிட்டார். சாக்ஸபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் அவர், பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னால் நான். எனக்கு அந்தச் சங்கீதம் தலைவலி. நான் கணக்கு டீச்சர். ஆரம்பித்தது ஓர் இடத்தில் முடிய வேண்டும்.

"முடியும்மா," என்று பொறுமையாக விளக்கினார். "முதல்ல எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பாங்க. அப்புறம் ஆளுக்கொரு சுத்து, மனசுக்குத் தோணினபடி. கடைசியில மெட்டு திரும்பி வரும், முடிஞ்சிடும். அதுவரைக்கும் யாரும் நடுவுல இறங்கக் கூடாது. அது மரியாதை இல்ல."

மரியாதை என்றால் அவருக்கு உயிர். கச்சேரியில் பக்கத்து ஆள் இருமினால்கூட முறைப்பார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும்போது, கீழ்ப் படிக்கட்டிலிருந்து பியானோ கேட்டது. "வெயில் நேரத்துல என்ன கச்சேரி, வாங்க தூங்கலாம்" என்றேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டார்? இறங்கிப் போனார்.

கீழே தாழ்ந்த கூரையுடன் ஒரு கூடம். வட்ட ஜன்னல்களில் வெயில். மேடையில் பியானோ, ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி ஒரு பேஸ், டிரம். வாசித்த மூவரும் பழங்காலக் கோட்டு போட்ட வயதானவர்கள். நான்காவது நாற்காலி காலி. கீழே அங்கங்கே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த காப்பி, கோப்பையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் கை தட்டவில்லை, தலைகூட ஆட்டவில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவேயில்லை.

சாப்பிடப் போகும்போதுகூட விடாமல் இவர் தோளில் சுமந்த சாக்ஸபோன் பெட்டியைப் பியானோக்காரர் பார்த்தார். காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"ஒரே ஒரு பாட்டு," என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் ஏறிவிட்டார்.

அது வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இவர் வாசித்து வாசித்து என் காதைப் புளிக்க வைத்த மெட்டு. இங்கே அதைக் கேட்டதும் எனக்கே பெருமையாக இருந்தது. அப்படி ஒரு வாசிப்பை இவரிடம் நான் கேட்டதில்லை. இவர் ஒரு சுற்று, பியானோ ஒரு சுற்று, பேஸ், டிரம். மறுபடி இவர். மறுபடி பியானோ. மெட்டு திரும்பவில்லை. இவர் உதட்டோரம் சிவந்தது. ஜன்னலில் வெயில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. ஆனாலும் நடுவில் இறங்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மா. "எப்பம்மா முடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"டிரம் வாசிக்கிறவர் என் வீட்டுக்காரர்," என்றார் அவர். "ஒரே பாட்டுன்னுதான் ஏறினார். அப்ப என் கடைசிப் பொண்ணு வயித்துல இருந்தா. அவளுக்கு இப்ப பேரன் பேத்தி இருப்பாங்க."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நிறுத்த வழியே இல்லையா?"

"இருக்கு. கீழ இருந்து யாராவது மெட்டை எடுத்துக் கொடுத்தா, கடைசியா ஏறினவரை விட்டுடுவாங்க." என் பக்கம் திரும்பி, "அது தெரிஞ்சும் நான் ஏன் அன்னிக்கு வாயைத் திறக்கலேன்னு நீங்க கேக்கலியே," என்றார்.

கேட்டிருக்க வேண்டும். என் அவசரம் எனக்கு. இவர் உதட்டில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. எழுந்து மேடையோரம் போய், கடைசி பெஞ்சுவரை எட்டும் என் குரலில் அந்த மெட்டைக் கத்தினேன். சுருதியாவது மண்ணாவது. பியானோ என் பின்னால் வந்தது, பேஸ் வந்தது, டிரம் வந்தது. மெட்டு முழுசாகத் திரும்பி முடிந்தது.

இவர் வாத்தியத்தை இறக்கினார். தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கியவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார் அந்த அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே இறங்கப் போனேன். இறங்கத்தான் போனேன், ஆனால் நான் மேடைக்கு ஏறியது எப்போது என்று தெரியவில்லை.

"எடுத்துக் கொடுத்தவங்க சுத்து பாக்கி இருக்கே," என்றார் பியானோக்காரர், மிகவும் மரியாதையாக.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாட்டு வந்தது. என் குரல்தான், ஆனால் சுருதியோடு.

இப்போது டிரம்காரரின் சுற்று நடக்கிறது. அந்த இடைவெளியில்தான் இவ்வளவும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். கீழே இவர் இருக்கிறார், கைக்குட்டையால் உதட்டை ஒத்திக்கொண்டு, கண்ணை மூடி ரசித்துக்கொண்டு. இவர் ஒரு வரி முணுமுணுத்தால் போதும், நான் இறங்கிவிடுவேன். ஆனால் என் வீட்டுக்காரருக்கு மரியாதை தெரியும். ஒருத்தர் பாடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வாய் திறக்க மாட்டார்.