திரும்பி வராத கோடு

மோனொங்கஹேலா ஆற்றில் மூடுபனி இறங்கினால் பாலத்தின் நடுப்பகுதி காணாமல் போய்விடும். இரு கரையிலிருந்தும் கிளம்பிய இரும்பு வெண்மைக்குள் நுழைந்து கரைந்துவிட்டதுபோல இருக்கும். பொறியாளர் மார்லா நோவாட்னி அந்தப் பாலத்தை அலுவலகத் திரையில்தான் அதிகம் பார்த்தாள். பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஒட்டிய சென்சார்கள் அனுப்பும் சுமைக் கோடுகள் வெயிலில் மெல்ல உயரும், குளிரில் தாழும், தூங்குகிறவர்களின் நெஞ்சைப்போல. பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்கும் கண் சொக்கும்.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பிற்பகலில் ஒரு நிலக்கரி லாரி கடந்தது. எல்லாக் கோடுகளும் துள்ளி அடங்கின; ஒன்று மட்டும் தாழ்ந்தே கிடந்தது, பழைய இடத்துக்கு வரவில்லை. சென்சார் பழுதோ என்று பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தாள். அதன் கோடு உயர்ந்தே நின்றது. ஒன்று கைவிட்ட சுமையை மற்றது தாங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் மேலதிகாரி. அவள் கேட்கவில்லை. போலீசிடம் சொல்லிப் பாலத்தை மூடவைத்து, ஆய்வாளர் ஏர்ல் ஸ்டாட்லரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள்.

தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கிடையாது; அக்கரை சர்ச்சில் மாலை மீன் விருந்து. இக்கரையே திரண்டு போவது வழக்கம். தடுப்புக்கு முன்னால் கார்கள் சேர்ந்தன. முடிதிருத்தும் டீனோ ஃபால்கோன் கண்ணாடியை இறக்கினான்.

"ஏம்மா மார்லா, கம்ப்யூட்டர்ல ஒரு கோடு கோணிக்கிச்சுன்னு எங்க சாப்பாட்டுல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

"பாலம் ஏதோ சொல்லுது டீனோ. ஏர்ல் பாத்துட்டு வரட்டும்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து நிக்குது. உங்கிட்ட மட்டும் வாயத் திறந்துச்சாக்கும்."

கார்களில் சிரிப்பு பரவியது. மார்லாவுக்கு முகம் சுட்டது. ஒருவேளை இரண்டு சென்சாருமே பொய் சொல்லியிருந்தால்?

ஏர்ல் இடுப்பில் கயிறு கட்டிப் பாலத்துக்கு அடியில் மூடுபனிக்குள் இறங்கினார். வெகுநேரம் கழித்து வாக்கி டாக்கியில் அவர் குரல் தணிந்து வந்தது.

"சட்டம் விட்டுப்போச்சு மார்லா. வெடிப்புக்குள்ள என் விரல் போகுது. ஒருத்தரையும் மேல விடாத."

டீனோவுக்கும் அது கேட்டது. இன்ஜினை அணைத்தான். பின்னால் ஒவ்வொரு காராக அடங்கியது. மார்லா கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு சில்லென்று, அசையாமல் இருந்தது. ஏர்ல் கரையேறும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

டீனோ அக்கரை சர்ச்சுக்குப் போன் போட்டான். பொழுது சாயும் நேரத்தில் முதலில் பொரித்த மீன் வாசனை வந்தது; அப்புறம் பனிக்குள் மங்கலாக விளக்குகள்; அதன் பின்தான் படகுகள். தண்ணீரோரம் காத்திருந்த கூட்டம் தட்டுகளைக் கைமாற்றி வாங்கியது.

முதல் தட்டை டீனோ அவளிடம் நீட்டினான்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடு."