பட்டு ஓரத்தில் பதினாறு பேர்

ஜெயினுலாபுதீன் பாய் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே மார்கரெட் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். டூட்டி முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலையில் வெள்ளைத் தொப்பி அப்படியே இருந்தது.

"இன்னா சிஸ்டர், ஆபரேசனுக்கு நிக்கிற மாரி நிக்கிறே?" என்று சிரித்தார் பாய்.

"சீக்கிரம் எடு பாய். ரெண்டு மாசமா சொல்லிகினே கீறே."

அவர் புதுப்பட்டினத்துக்காரர். வாரத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி வந்து, மிஷன் ஆஸ்பத்திரி நர்சுகள் தங்கும் விடுதியில் புடவையும் ரவிக்கைத் துண்டும் விற்பார். மார்கரெட்டுக்கு மட்டும் மூட்டையின் அடியில், மெல்லிய காகிதத்தில் சுற்றி, வேறொன்று வரும். பாய் அதைப் பட்டு உருமால் என்பார். அவள் ஸ்கார்ஃப் என்பாள். மதராஸில் வசந்தா என்றொரு அம்மாள் வரைந்து அச்சடிப்பது. பழைய கல்லறைகளிலும் பழைய சீட்டித் துணிகளிலும் பழைய புத்தகங்களிலும் கிடக்கிற சித்திரங்களைத் தேடி எடுத்து, இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி திருப்பி வரைந்து, ஒரு கஜச் சதுரப் பட்டில் போடுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை இருக்கும், சித்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல. அந்த அட்டைகளையும் மார்கரெட் பத்திரமாக வைத்திருந்தாள்.

இது ஏழாவது.

அவள் எப்போதும் ஸ்கார்ஃபை ஒரேயடியாக விரித்துவிட மாட்டாள். ஒரு மடிப்பு, பிறகு இன்னொன்று. முதலில் நீலம் வந்தது. அவுரி ஊறிய தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது போன்ற நீலம். நடுவில் ஒரு குளம், அதில் தாமரை. சுற்றிலும் செங்காவி ஓரம். "ஐயோ பாய்," என்றாள். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் ஓரத்தில் இருந்தது கொடி அல்ல, ஆட்கள் என்று தெரிந்தது.

பெண்கள். பக்கத்துக்கு நான்கு பேராகப் பதினாறு பேர். எல்லோரும் குனிந்திருந்தார்கள். கையில் நாற்று முடி. ரவிக்கை இல்லை, தோளிலும் துணி இல்லை, மார்புக்குக் குறுக்கே ஒரு முழத் துணி சுற்றியிருந்தது. நான்கு மூலைகளிலும் குடை பிடித்த ஒருவன். அந்த நால்வர் மட்டும் நிமிர்ந்து நின்றார்கள். பெண்களின் காலடியில், கொடிபோல வளைந்த இங்கிலீஷ் எழுத்தில், மார்கரெட்டின் சாதிப் பெயர் இருந்தது. அதற்குப் பின்னால், 'பெண்கள்' என்று.

அட்டையில், ஒரு கம்பெனி துரைக்காக நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வரைந்த படம் என்றும், இன்றைய ரசனைக்கு ஏற்ப மாற்றப்பட்டது என்றும் போட்டிருந்தது.

"நல்லாக்கீதா?" என்றார் பாய்.

அவள் காது இரண்டும் சுட்டன. அதைத் திருப்பி அவர் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. நான்காக மடித்தாள், ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி மடிக்கிற மாதிரி, விளிம்போடு விளிம்பு சேர்த்து.

"நாளைக்கு அந்தம்மா எங்க இருப்பாங்க?"

"மாமல்லபுரத்துலதான். கிறிஸ்மஸ் வரைக்கும் ஞாயித்திக்கெழம ஞாயித்திக்கெழம டூரிஸ்ட் பங்களா வராண்டால கடை. நாந்தானே வித்துக் குடுக்குறேன். ஏன்?"

"நானும் வரேன்," என்றாள் மார்கரெட்.

முதல் ஸ்கார்ஃபை அவள் வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டரம்மா, ரயில் ஏறும்போது தன் கழுத்திலிருந்து அவிழ்த்து அவள் கழுத்தில் கட்டிவிட்டுப் போனது. அதைக் கட்டிக்கொண்டு அவள் தன் ஊரான நெம்மேலிக்குப் போன அன்று, மிராசுதாரின் கணக்கப்பிள்ளை வரப்பில் நின்று, "இன்னாடி, பாப்பா பொண்ணு கழுத்துல துண்டு போட்டுகினு வருது?" என்றான். அம்மா பாப்பா அந்த வரப்பிலேயே வேலை செய்துகொண்டிருந்தாள். மார்கரெட் நின்றாள். முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாக, இன்னும் பெரிதாகக் கட்டிக்கொண்டாள். அவன் எச்சில் துப்பிவிட்டுப் போனான். அன்றிலிருந்துதான் அவள் சேர்க்க ஆரம்பித்தது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கல்லறைப் பூக்கள் ஒன்று. பழைய சீட்டித் துணியின் மாதுளை மரம் ஒன்று. பாய்மரக் கப்பல்கள், சங்குகள், கிளிகள். டூட்டியில் கட்ட முடியாது. அதனால் மாதா கோவிலுக்கும், பஸ்ஸுக்கும், கடைத்தெருவுக்கும். கூட வேலை செய்பவர்கள் சம்பளத்தைத் தங்கத்தில் போட்டார்கள். அவள் பட்டில் போட்டாள். அதைக் கட்டியிருக்கும்போது தன்னை யாரும் கை நீட்டிக் கூப்பிட முடியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலை, பூசை முடிந்ததும், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் பாயோடு ஏறினாள். காற்றுக்குத் தலையில் கப்பல் ஸ்கார்ஃபைக் கட்டியிருந்தாள். புதியது கைப்பையில் இருந்தது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் கோத்துக்கொண்டே வந்தாள். டாக்டர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். நன்றாகவே கோக்க வந்தது.

பங்களா வராண்டாவில் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, பட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கடல் காற்றில் எல்லாம் படபடத்தன. வசந்தாம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி, கைத்தறிப் புடவை. மார்கரெட்டின் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என்னோட கப்பல்! எந்த வீட்டு அம்மா குடுத்தாங்க உனக்கு?"

கோத்து வைத்த இங்கிலீஷ் எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்து போயிற்று.

"யாரும் குடுக்கல. நான் வாங்கினது. ஏழு கீது எங்கிட்ட."

"ஓ," என்றாள் வசந்தாம்மா. பிறகு, "நீங்க…?"

"நர்ஸு." கைப்பையைத் திறந்து, புதியதை மேசைமேல் விரித்து, எழுத்திருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பழைய சித்திரம்மா அது. ஒரு துரை ஆல்பத்துல இருந்தது. நாப்பது படம். இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள பூச்சி அரிச்சுக் கிடந்தது. நான்தான் வெளியே கொண்டு வந்தேன்."

"மீதி முப்பத்தொம்போதுல இன்னா இருந்திச்சு?"

"எல்லா ஜாதியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம்."

"உங்க ஜாதி?"

வசந்தாம்மா பாயைப் பார்த்தாள். பாய் தரையில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்திருந்ததைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"இருந்தது."

"அத ஏன் போடல?"

"அது… வீட்டுல பெரியவங்க இருக்காங்க. தப்பா எடுத்துப்பாங்க."

"இதுல கீறவங்களுக்கு வூடு இல்ல, பெரியவங்க இல்ல. அதானே?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. கயிற்றின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். வசந்தாம்மா தன் குரலைத் தணித்துக்கொண்டாள், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிறவள் போல. "நீங்க ஏன் இவ்வளவு கோபப்படறீங்க? நான் அவங்களை அசிங்கமா காட்டலையே. பாருங்க, எவ்வளவு அழகா இருக்காங்க. பட்டுல வச்சிருக்கேன். பிடிக்கலைன்னா வேற எடுத்துக்குங்க. மயில் புதுசா வந்திருக்கு."

மயில்! மார்கரெட் தன் பட்டைப் பிடுங்கி எடுத்தாள். எடுத்த வேகத்தில் மேசை மேலிருந்த அட்டைகள் சிதறின. அவள் குனிந்து பொறுக்கவில்லை. எந்த இடத்திலும் எது விழுந்தாலும் தானாகக் குனிந்துவிடும் உடம்பு அது. அன்றைக்கு அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சவுக்குத் தோப்பு வரைக்கும் பாய் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என் பொயப்புல மண்ணப் போட்டியே சிஸ்டர்!"

"நீ பாக்கலியா பாய்? எனக்குக் குடுக்கும்போது பாக்கலியா?"

அவர் மூச்சு வாங்கினார். "பாத்தேன்."

"பாத்துட்டுமா குடுத்தே?"

"நீ வேதக்காரிதானே… உனக்கு சாதியெல்லாம் இல்லன்னு நெனச்சேன். படிச்சு வேற கீறே," என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. வசந்தாம்மாவிடமாவது கத்த முடிந்தது.

நெம்மேலிக்கு உப்பு ஏற்றப் போகிற வெறும் படகு ஒன்று கால்வாயில் நின்றது. படகுக்காரன் ஊர்க்காரன், ஏற்றிக்கொண்டான். கழி ஊன்றித் தள்ளத் தள்ளப் படகு மெதுவாக வடக்கே நகர்ந்தது. மார்கரெட் தலையிலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் வைத்துப் பார்த்தாள். மூன்று கப்பல்கள். இந்தக் கரையிலிருந்து துணி ஏற்றிப் போன கப்பல்கள் என்று அட்டையில் இருந்தது அவளுக்கு மனப்பாடம். துணி மட்டும்தான் ஏற்றினார்களா, ஆட்களையுமா? மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றியது யார்? மூன்று வருஷமாகத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தவள், ஒருநாளும் கேட்கவில்லையே. அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அம்மா குடிசைக்கு வெளியே கருவாட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். மார்கரெட் பட்டைக் கோரைப்பாய்மேல் விரித்தாள். பாப்பா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இது யாருடி?"

"நாமதான். பேரு போட்டுக்கீது."

"பதினாறு பேரு," என்றாள் பாப்பா. பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இத எய்தினவன் நடவப் பாத்ததே இல்ல. நாத்த இப்டி கழுத்தப் புடிச்சா கைலியே ஒடிஞ்சிடும். இதோ, இவ ஒருத்திதான் சரியாப் புடிச்சிகீறா." கீழ் ஓரத்தில் இடமிருந்து மூன்றாவதாக இருந்தவளைக் காட்டினாள். "என்ன மாரி."

"சிரிக்கிறியா? அம்மணமா நிக்க வெச்சுக் கடைல விக்கிறாங்க. உனக்குக் கோவமே வராதா?"

பாப்பா சிரிப்பை நிறுத்தினாள். ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

"நாங்க அப்டித்தான்டி நின்னோம். எங்க ஆத்தாவும் அப்டித்தான் நின்னா. நான் கோவப்பட்டிருந்தா நீ பொயச்சிருப்பியா?" என்றாள். குரலில் வெப்பம் எதுவும் இல்லை. "நீ கோவப்படு. உன்ன யாரு வேணாண்டது?"

அன்று அம்மா சுட்ட கருவாட்டோடு மார்கரெட் கஞ்சி குடித்தாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகும் வாரம் முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது. ஊசி போடும்போதும், கட்டுப் பிரிக்கும்போதும். ஒரு நோயாளி, "சிஸ்டர், கை வலிக்குது, மெதுவா," என்றான். அவள் மன்னிப்புக் கேட்டாள். சனிக்கிழமை பாய் வந்தபோது அவள் கீழே இறங்கவில்லை. பட்டைக் கொளுத்திவிடலாம் என்று இரண்டு முறை சமையலறை வரை எடுத்துப் போனாள். இரண்டு முறையும் அந்த மூன்றாவது பெண்ணின் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடுத்த ஞாயிறு, வெள்ளைப் புடவை கட்டி, அந்த நீலப் பட்டைத் தோளின்மேல் ஓரம் முழுதும் தெரியும்படி விரித்துப் போட்டு, இரண்டு ஊக்குகள் குத்திக்கொண்டு மாமல்லபுரத்தில் பஸ் இறங்கினாள்.

வராண்டாவில் பாய் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கயிற்றில் அதே பெண்கள் ஒரு வரிசையாகத் தொங்கினார்கள், பத்துப் பன்னிரண்டு பட்டு. வசந்தாம்மா உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சிஸ்டர். கத்தாதே."

"கத்த மாட்டேன். நிக்கப் போறேன், அவ்ளோதான்."

பாய் அவள் தோளைப் பார்த்தார். தன் மூட்டையை அரை முழம் நகர்த்தி இடம் விட்டார். அவள் மேசை ஓரமாக நின்றாள். வெயில் ஏறியது. இரண்டு பேர் வந்து மயில் வாங்கிப் போனார்கள். பிறகு வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அம்மாள், கணவனைப் பின்னால் விட்டு, படியேறி வந்தாள். கயிற்றில் இருந்ததையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த நீலப் பட்டின் முன் நின்றாள். கிளிப்பை எடுத்துப் பட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அருமையாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"நன்றி," என்றாள் மார்கரெட், அதே இங்கிலீஷில், வார்டில் பேசுகிற நிதானமான குரலில். "இடமிருந்து மூன்றாவது, என் அம்மா."

அந்த அம்மாள் சிரித்தாள். மார்கரெட் சிரிக்கவில்லை.

"பெயர் பாப்பா. இங்கிருந்து ஆறு மைலில் இருக்கிறாள். இன்றைக்கும் வயலில்தான் நிற்கிறாள். இரண்டாவது என் பெரியம்மா. அவள் செத்துப் போய்விட்டாள். இந்த எழுத்து எங்கள் சாதி. படித்துக் காட்டட்டுமா?"

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. வசந்தாம்மா கதவருகில் வந்து நின்றாள். பாய் தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாள் மார்கரெட்டின் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். அதைக் கயிற்றில் திரும்ப மாட்டப் போனவள் மாட்டவில்லை. மேசைமேல் வைக்கப் போய், வைக்கவும் இல்லை. கடலிலிருந்து ஒரு காற்று வந்து பட்டைத் தூக்கி அவள் மணிக்கட்டைச் சுற்றிப் போட்டது; அவள் கையை உதறாமல், நீட்டியபடியே வைத்துக்கொண்டு, அங்கேயே நின்றிருந்தாள்.