மின்னலுக்கு அவள் வைத்த பெயர்

குன்சுலு அந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் வாரத்திலேயே மின்னலுக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. மாமனார் பெயர் ஜாசின். அந்த மலைநாட்டுப் பேச்சில் ஜாசின் என்றாலே மின்னல்தான். அவர் பிறந்த அன்று கூடாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இடி விழுந்ததாம், ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லையாம். அந்த நன்றிக்கு வைத்த பெயர். மாமனார் பெயரையும் புருஷனின் அண்ணன் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதே சொல் வேறு எதைக் குறித்தாலும் கூடாது. அண்ணன் பெயர் பால்தா, அதாவது கோடாலி. ஆகவே அவள் வாயில் கோடாலி ‘பிளப்பான்’ ஆயிற்று. மின்னல் ‘வெளிச்சம்’ ஆயிற்று.

அவள் புருஷன் செரிம்பெத்துக்கு இதில் சிரிப்பு தாங்காது.

“நல்லவேளை, எங்க அப்பாவுக்கு ரொட்டின்னு பேரு வைக்கல. வச்சிருந்தா நீ பட்டினி கிடந்தே செத்திருப்ப.”

“உங்களுக்கென்ன, நாக்க எந்தப் பக்கம் வேணா சுழட்டலாம். மருமகளா வந்து பாருங்க தெரியும்” என்பாள்.

ஒரே ஒரு சங்கடம். மின்சாரத்துக்கும் அந்தப் பக்கத்தில் வெளிச்சம் என்றுதான் பேச்சு. வெளிச்சம் போயிருச்சு என்றால் கரண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் விரலை மேலே காட்டினால் வானம், சுவரைக் காட்டினால் பல்பு.

டெலிபோனில் விரலைக் காட்ட முடியாது. அது அவளுக்குப் போன வருஷக் கோடையில்தான் தெரிந்தது.

அன்று மழை இல்லை. மலைப்பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. செரிம்பெத் ஆட்டுப்பட்டிக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். குன்சுலு வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தவள், கண் கூசி, மூடித் திறந்தபோது அவன் மல்லாந்து கிடந்தான். சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

“என் வீட்டுக்காரர விழுத்தாட்டிருச்சு. வெளிச்சம் அடிச்சிருச்சு. சீக்கிரம் வாங்க.”

“வெளிச்சமா? பக்கத்துல கம்பம் இருக்கா?”

“இருக்கு, பட்டி ஓரமா இருக்கு.”

“தொடாதீங்கம்மா. யாரும் கிட்டயே போகக் கூடாது. லைன அணைக்கச் சொல்றேன். அதுவரைக்கும் தள்ளி நில்லுங்க.”

அவள் நின்றாள். எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, அவன் பெயரைக்கூட உரக்கக் கூப்பிடாமல் நின்றாள். ஜாசின் அன்று குதிரைகளோடு மேல்மேய்ச்சலில் இருந்தார். அவர் காதில் விழ வழியே இல்லை. இருந்தும் நாக்கு அந்தச் சொல்லின் பக்கம் திரும்பவில்லை.

வண்டி ஊரின் மறுகோடிக்குப் போய், மண்டையோடும் சிவப்பு மின்னலும் வரைந்த பலகை தொங்கும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் லைன் அணையும்வரை காத்திருந்துவிட்டு வந்தது. நர்ஸ் குனிந்து பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். “இது மின்னல் அடிச்சதும்மா. இந்த உடம்புல கரண்டெல்லாம் நிக்காது, தொடலாம். அப்பவே நெஞ்ச அமுக்கிவிட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவள், குன்சுலுவின் முகத்தைப் பார்த்ததும் பையை மூடிக்கொண்டாள்.

வானம் தேர்ந்து எடுத்துக்கொண்ட உடம்பு, பாவம் ஒட்டாத சாவு என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஊர் வேறு சொன்னது. பால்தாவின் மனைவி ஸாபிரா அவள் காதுபடவே சொன்னாள்: “புருஷன் தரையில கிடக்கான், இவ வேலியோரம் நின்னு வேடிக்கை பாத்தாளாம். நானா இருந்தா மேல விழுந்து நானும் செத்திருப்பேன்.”

“நீங்க விழுந்திருந்தா அவருக்கு மூச்சு வந்தாலும் நின்னிருக்கும் அக்கா” என்று பழைய குன்சுலு சொல்லியிருப்பாள். இப்போது மாவைப் பிசைந்தபடி இருந்தாள். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் அது போய் விழும் இடம் கிழவர். மகனைப் பறிகொடுத்தவரிடம், உங்கள் பெயர்தான் குறுக்கே நின்றது என்று எந்த வாயால் சொல்வது? பழி தன் மேலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். இரவில் போனைச் சார்ஜில் போட்டால் பேட்டரிப் படத்துக்குள் குட்டி மின்னல் ஒன்று தோன்றும். அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

வருஷத் திதி விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்க ஜாசின் சந்தைக்குப் போன அன்று, இந்த வசந்தத்தின் முதல் இடி முழங்கியது. முதல் இடிக்கு வீட்டுப் பெண் பால் கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்து, ‘பால் நிறைய, அடுப்புக்கரி கொஞ்சம்’ என்று வானத்திடம் கேட்க வேண்டும், கறவை பெருகவும் குளிர் குறையவும். குன்சுலு கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கை எழவில்லை.

கிழவர் குதிரை இல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“சந்தையில அந்த ஆம்புலன்ஸ் டிரைவரப் பாத்தேன்” என்றார். “கரண்டுன்னுதான் தகவல் வந்துச்சாம். அந்த மின்னல் படம் போட்ட பலகைக்கிட்டப் போய் நின்னோம்கிறான்.”

“போன்ல சரியா கேக்கல மாமா. இரைச்சலா இருந்துச்சு.”

“தொடாதேன்னு உனக்குச் சொன்னாங்களாமே. அது மட்டும் கேட்டுச்சா?”

அவள் கரண்டியைப் பார்த்தாள்.

“எது அடிச்சுச்சுன்னு சொன்ன, தாயி?”

பிறகு அவரே சொன்னார், அவள் சொல்கிற மாதிரியே, மெதுவாக: “வெளிச்சம்.”

வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் பாதி கட்டிவிட்டுப்போன கம்பி. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

“ஸாபிரா பேசினப்பல்லாம் இத மனசுல வச்சுக்கிட்டுத்தான் சும்மா இருந்தியா?”

“விடுங்க மாமா. உள்ள வாங்க, டீ போடுறேன்.”

மலைக்கு மேலே வானம் ஒரு கோடாகக் கிழிந்து மூடியது.

“அது என்ன?” என்றார்.

“வேண்டாம் மாமா.”

“அது பேரச் சொல்லு. உன் வாயால நான் கேக்கணும்.”

குன்சுலு வாயை மூடியிருந்த தலைத்துணி முனையை விலக்கினாள். ஒன்பது வருஷமாக அந்தச் சொல் அவள் நாக்கில் ஏறியதே இல்லை. மூன்றே எழுத்து, அவ்வளவு சின்னதாக இருந்தது. எந்தப் போனிலும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

“ஜாசின்” என்றாள்.

“ம்” என்றார் கிழவர், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தரும் பழக்கத்தில். பிறகு, “இங்கதாம்மா இருக்கேன்.”