அட்டைக்குக் கீழே மீதிக் கதை

ஆசிரியர் அறையில் கொண்டுபோய்ப் போடச் சொல்லி, பெரிய டீச்சர் என் தலையில் ஒரு புது நாற்காலியை ஏற்றினார். சுழல்கிற நாற்காலி. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். வருகிறவங்களுக்கு என்றார். பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவன் நான். உள்ளே என் மகள் தற்காலிக டீச்சர், பல வருஷமாக. இப்போது நிரந்தர இடம் ஒன்று காலி. அதிகாரி வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். பார்ப்பதற்கு முன்பே நாற்காலி வந்து இறங்கினால் என்ன அர்த்தம்? இது விளங்க நான் படித்த மூன்றாம் வகுப்பே அதிகம்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். சிரித்தாள். அவள் நடத்தப்போகும் பாடமே என்னை மாதிரி முன்கூட்டி ஊகிப்பதுதான். கதைப் பக்கத்தில் கீழ்ப்பாதியை அட்டையால் மூடிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேட்பாள். சொன்னாலும் விடமாட்டாள், எதை வைத்துச் சொல்கிறாய் என்பாள். பிறகு அட்டையை இறக்கிப் படிக்க வேண்டும். நினைத்தது தப்பென்றால் திருத்திக்கொள்ள வேண்டும். இப்படி ஊகித்துப் படித்தால்தான் மண்டையில் ஏறுமாம். இந்த ஊரில் எவன் தப்பைத் திருத்திக்கொண்டான்?

"ஒரு நாற்காலிய வச்சு முடிவு கட்டாதீங்கப்பா. மீதியும் படிச்சுப் பாக்கலாம்."

"மீதிய எழுதுறது யாருன்னு பாரு முதல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டையை அளவு பார்த்து வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி வந்த அன்று தண்ணீர் கொடுக்கப் போகிற சாக்கில் வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டேன். பிள்ளைகள் நிஜமாகவே யோசிக்க வேண்டும் என்று, யாரும் படித்திராத கதையாகத் தேடி எடுத்து வந்திருந்தாள் மகள். படத்தைத் தூக்கிக் காட்டினாள். கொட்டும் மழையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் மடித்த குடை. கீழே அட்டை.

"அடுத்து என்ன நடக்கும்?"

வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "ஆடு கிணத்துல விழுந்துடும் டீச்சர். ஏன்னா கிணத்துக்குச் சுவர் இல்ல."

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தார். ஆடும் இல்லை, கிணறும் இல்லை. தோள் குலுங்கச் சிரித்தார். மகளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அவள் லீவில் இருந்த நாள் பெரிய டீச்சர் வகுப்புக்குள் போய், பாடப்புத்தகத்து ஆட்டுக் கதைக்கு ஊகத்தையும் அதன் காரணத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தின் மானம் போகக்கூடாதாம். இது பிள்ளைகள் வெளியே வந்து வாசலில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மகள் மறுபடி கேட்டாள். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சிறுமி, மனப்பாட நாளில் வராதவளாக இருக்கும், மெதுவாக எழுந்தாள்.

"அந்தக் குடை வேற யாருக்கோ டீச்சர். புதுசா குடுக்கணும்னு பிரிக்காம வச்சிருக்காங்க."

என் மகள் முகம் மலர்ந்ததே, அதை நான் ஒருவன்தான் பார்த்தேன். அதற்குள் அதிகாரியைப் பெரிய டீச்சர் டீ குடிக்க அழைத்துக்கொண்டு போயிருந்தார்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிள்ளைகளைத் தயார் செய்யத் தெரியவில்லை என்று அதிகாரிக்கு வருத்தமாம். அந்த இடத்துக்குப் பெரிய டீச்சரின் தம்பி மருமகள் திங்கட்கிழமை வருகிறாளாம்.

மகள் வாசலுக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. மடியில் அந்தப் புத்தகம், அட்டை வைத்தது வைத்தபடி. அந்தக் குடைக்காரிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்கப்பா."

"பஸ் வராது."

"எதை வச்சு சொல்றீங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஆசிரியர் அறை ஜன்னல் திறந்திருந்தது. யாரோ மின்விசிறியை அணைக்காமல் போயிருந்தார்கள். அந்தக் காற்றில் நாற்காலி மேல் பாலிதீன் படபடத்துக்கொண்டிருந்தது. அவளும் அதையே பார்த்தாள். அட்டையைப் பிடித்திருந்த விரல் நகரவில்லை.