தாமாக முன்வந்து

ஆஸ்பத்திரியிலிருந்து காலை ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். லின்வுட்டுக்குப் பொருந்துகிற சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பகல் ஒரு மணிக்குள் ஜாக்சனுக்கு வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். நாலு வருடமாக வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தவன் லின்வுட். அவன் அக்கா ஒடெஸா அடுப்பை அணைத்தாள், சாவியை எடுத்தாள், வாசல் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

டன்லீ கவுண்டி எல்லையைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் பின்னால் போலீஸ் வண்டியின் நீல விளக்கு சுழன்றது. அப்போது மணி பதினொன்று நாற்பது. ஜாக்சனுக்கு இன்னும் ஐம்பது நிமிடம். கையில் மிச்சம் இருந்தது முப்பது நிமிடம்தான்.

ஓரங்கட்டினாள். கண்ணாடியை முழுக்க இறக்கினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் விரல் விரித்து வைத்தாள். லின்வுட் தன் கைகளை முன்பலகையில் வைத்தான். போலீஸ் நிறுத்தினால் கை வெளியே தெரிய வேண்டும் என்று மிசிசிப்பியில் கறுப்பாகப் பிறந்தவர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை, இருமல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி தானாக நடந்துவிடும்.

வந்தவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மார்பில் ஹாஸ்கின்ஸ் என்ற பெயர்ப்பட்டையும் அதன் பக்கத்தில் ஒரு கேமராவும். மரியாதையான பையன், அதில் குறையே சொல்ல முடியாது.

"மேடம், ஓரத்து வெள்ளைக் கோட்டை ரெண்டு தடவ மிதிச்சிட்டீங்க. எங்க இவ்வளவு அவசரமா?"

ஒடெஸா சொன்னாள். சிறுநீரகம், ஒரு மணி, அடுத்த ஆள் எல்லாவற்றையும். அவன் தலையாட்டிக்கொண்டே லின்வுட்டின் இடது கையைப் பார்த்தான். அந்தக் கை முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கின மாதிரி புடைத்திருக்கும், நாலு வருட ஊசித் துளை வரிசையாக இருக்கும்.

"அது என்ன கையில?"

"டயாலிசிஸ் ஊசி சார்" என்றான் லின்வுட். அவன் குரல் நடுங்கியது. உடம்பும்தான். முந்தின நாள் இயந்திரத்தில் படுத்து எழுந்தவனுக்கு நடுங்காமல் என்ன செய்யும்?

"வண்டிய ஒரு தடவ பாத்துக்கட்டுமா மேடம்? ஒண்ணும் இல்லேன்னா சட்டுனு கெளம்பிடலாம்."

இந்த இடத்தில் ஒடெஸாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தவள். ஜட்ஜ் தும்மினால்கூடப் பதிவு செய்கிற வேலை. வாரண்ட் இல்லாமல் வண்டியைச் சோதிக்க வேண்டுமானால் தக்க காரணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுகிறவர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை அவள் விரல்களுக்கே தெரியும்.

"இல்லைங்க. சோதனைக்கு நான் சம்மதிக்கல. டிக்கெட் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்."

ஹாஸ்கின்ஸ் கோபப்படவில்லை. "அது உங்க உரிமை மேடம். அப்ப மோப்ப நாய வரச் சொல்றேன். பக்கத்து கவுண்டியில இருக்கு. ஒரு முக்கால் மணி நேரம் ஆகும்."

"டிக்கெட் எழுதற நேரத்துக்கு மேல நாய்க்காக என்னை நிறுத்தி வைக்கக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும். நான் இன்னும் டிக்கெட்டே எழுதி முடிக்கலையே" என்று பேனாவைத் திறந்தான். லைசென்ஸில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அழகாக எழுத ஆரம்பித்தான். அவ்வளவு நிதானமான கையெழுத்தை ஒடெஸா எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

அவன் செய்வது தவறுதான். அதை ஒரு ஜட்ஜ் சொல்லவும் சொல்வார். எப்போது? மூன்று மாதம் கழித்து, ஏசி அறையில். அதற்குள் லின்வுட்டின் சிறுநீரகம் வேறொருவர் வயிற்றில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

"அக்கா" என்றான் லின்வுட், முன்பலகையிலிருந்து கையை எடுக்காமல். "மணி பதினொன்னு அம்பது."

"பாருங்க. வண்டியப் பாத்துக்கங்க" என்றாள் ஒடெஸா, ஹாஸ்கின்ஸிடம்.

சொன்னதும் மடியில் அவள் விரல்கள் அசைந்தன. 'தாமாக முன்வந்து சோதனைக்குச் சம்மதித்தார்.' அடிக்கடி வருகிற வாசகம் என்பதால் அதற்கென்று ஒரே தட்டலில் அடிக்கிற மாதிரி ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பாள்! தட்டும்போதெல்லாம், வாயைத் திறந்து முடியாதென்று சொல்ல இந்த ஜனங்களுக்கு என்ன கேடு என்று உள்ளுக்குள் திட்டியும் இருக்கிறாள். இன்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஹாஸ்கின்ஸ் இருவரையும் இறக்கிப் புல்லில் நிற்க வைத்தான். வண்டிக்குள் ஒன்றுமில்லை என்று அவளுக்கு நிச்சயம். பின்பெட்டிச் சாமான், ஸ்பேர் டயர், சீட்டுக்கு அடியில் கிடந்த சர்ச் விசிறி எல்லாம் வெளியே வந்தன. அப்புறம் லின்வுட்டின் ஆஸ்பத்திரிப் பை. சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த ஒரு காலுறை. காலுறைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் வெள்ளை வெளேரென்று கட்டியும் பொடியுமாக ஒரு கைப்பிடி.

ஹாஸ்கின்ஸ் நிமிர்ந்தான். கை இடுப்புக்குப் போனது.

"இது என்னது?"

ஒடெஸா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மண்ணு சார்" என்றான் லின்வுட்.

"என்னது?"

"வெள்ளை மண்ணு. திங்கறது."

அந்தப் பக்கத்தில் சாலையோர மண்மேடுகளில் இதைத் தோண்டி எடுத்து, அடுப்பில் வாட்டித் தின்பார்கள். கர்ப்பிணிகள் தின்பார்கள், ரத்தம் சுண்டியவர்கள் தின்பார்கள், நாக்கு ஒருமுறை பழகிவிட்டால் விடாது. கடையில்கூடப் பை போட்டு விற்பார்கள். ஆனால் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதைத் தொடவே கூடாதென்று லின்வுட்டை டாக்டர் எச்சரித்திருந்தார். விட்டுவிட்டேன் என்று ஈஸ்டர் அன்று ஒடெஸாவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"மண்ணத் திங்கறதா? கத விடாதீங்க" என்றான் ஹாஸ்கின்ஸ். அவன் எந்த ஊர்க்காரனோ. "போதை மருந்தான்னு பாக்கற சோதனைக் குப்பி இன்னொரு வண்டியில இருக்கு. வர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான்."

"கழுத!" என்றாள் ஒடெஸா தம்பியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னிக்குமாடா?"

"ஆபரேஷன் முடிஞ்சு எழுந்தா ஒரே ஒரு துண்டு வாயில போட்டுக்கலாம்னு..." என்று இழுத்தவன் அழ ஆரம்பித்தான். "நான் தின்னு காட்டறேன் சார். இப்பவே தின்னு காட்டறேன்."

"வாயத் தொறக்காதே! நீ வெறும் வயித்துல இருக்கணும்" என்று கத்தினாள் ஒடெஸா. ஹாஸ்கின்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். கோர்ட்டில் பதிவைத் திரும்ப வாசித்துக் காட்டும்போது வருகிற குரல் வந்தது.

"ஆபீசர், என் வலது கை அந்தப் பையை நோக்கி வரப் போகுது. மெதுவா வரும். அதுல இருந்து ஒரு துண்டு எடுத்து நான் திங்கப் போறேன். போதை மருந்தா இருந்தா உங்க முன்னாடியே விழுவேன். சரிங்களா?"

அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பையை மட்டும் கொஞ்சம் நீட்டினான்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகம் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின. அறுபத்தோரு வயது, சர்ச் மாதர் சங்கத்தின் பொருளாளர், முத்துக் கம்மல். அவள் விரலளவு துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்தாள். மழை விழுந்த புழுதி வாசனை மூக்கில் ஏறியது. மண் நாக்கில் ஒட்டியது, பல்லில் நறநறத்தது, தொண்டைக்கு இறங்க மறுத்தது.

"முழுங்குங்க" என்றான் ஹாஸ்கின்ஸ்.

விழுங்கினாள்.

"வாயத் தொறங்க."

திறந்து காட்டினாள். லின்வுட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹாஸ்கின்ஸ் அவள் கண்ணைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடியும் கண்ணைப் பார்த்தான். மூன்று நிமிடம். அப்புறம் பையைக் காலுறைக்குள் போட்டு, காலுறையை ஆஸ்பத்திரிப் பைக்குள் திருப்பி வைத்தான். அவன் காது சிவந்திருந்தது.

"எச்சரிக்கையோட விடறேன், டிக்கெட் இல்ல" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, மார்பில் இருந்த கேமராவைத் தொட்டபடி, "திங்கச் சொல்லி நான் உங்களைக் கட்டாயப்படுத்தலையே மேடம்?" என்று கேட்டான்.

மணி பன்னிரண்டு எட்டு. அவனோடு வாதாட ஐம்பது வார்த்தை அவள் வாயில் இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நொடி ஆகும்.

"இல்லைங்க" என்றாள்.

வெளியே கிடந்த சாமான்களை அவர்களே அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். எல்லா வெள்ளைக் கோட்டுக்கும் நடுவிலே ஓட்டினாள். லின்வுட் மன்னிப்பு மன்னிப்பு என்று புலம்பிக்கொண்டே வந்தான். அவள் ஒரு தடவைகூட அவனைத் திட்டவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். தள்ளுநாற்காலி தயாராக நின்றது. லின்வுட்டை உட்கார வைத்து லிஃப்டுக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடுகிறவரை அவன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான்.

படிவத்தோடு வந்த நர்ஸ் ஒடெஸாவை உற்றுப் பார்த்தாள். "உங்க உதடெல்லாம் ஏன்மா வெள்ளையா இருக்கு? வழியில யாராவது உங்கள ஏதாவது பண்ணாங்களா?"

ஒடெஸா புறங்கையால் வாயைத் துடைத்தாள். நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"யாரும் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். "சரின்னு சொன்னதும் நான்தான், தின்னதும் நான்தான். கேமராவுல அப்படித்தான் இருக்கும்."

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே ஒடெஸா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.